அசல் எது, ஒட்டு எது?

பழைய ஓலைச்சுவடிகளைப் பரிசோதிக்கும் வித்வான்கள் சில பாட்டுக்களைக் கண்டவுடனே, "இது மூல ஆசிரியர் வாக்கு அன்று, பிற்காலத்தார் யாரோ செருகியது" என்று சொல்லிவிடுவதுண்டு. எதைக் கொண்டு சொல்கிறார்கள்? ஒரு சொல்லின் பிரயோகம், ஓர் எழுத்தின் வடிவம், ஏட்டின் ஓரத்தில் ஏறியிருக்கும் பழுப்பு, இப்படிச் சின்னஞ்சிறு அடையாளங்கள்தாம். மோட்டார் வண்டியிலும் இடைச்செருகல் உண்டு என்பதும், அதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தில் கைதேர்ந்த வித்வான்கள் இருக்கிறார்கள் என்பதும் சென்ற கோடை விடுமுறை வரையில் நமக்குத் தெரியாது.

நம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர் பர்மிங்ஹாம் நகரில் எஞ்சினீயராக இருக்கிறார். அவருக்குப் பாடம் சொன்னபோது நாம் மீசை சரியாக முளைக்காத வாத்தியார். "ஸார், ஒரு தடவையாவது இங்கே வந்து தங்கிவிட்டுப் போகவேண்டும்" என்று வருஷந்தோறும் எழுதுவார். போனோம். போன பிறகுதான் தெரிந்தது, அழைப்பில் அன்பைத் தவிர இன்னொரு காரியமும் கலந்திருக்கிறதென்று. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க அவர் தீர்மானித்திருந்தார். ஏழு வருஷச் சேமிப்பு அதற்குப் போகவிருந்தது. அவருடைய மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. "ஸார், நீங்களாவது இவரிடம் சொல்லுங்கள். மழை பெய்தால் ஒழுகும் வண்டிக்கு இவ்வளவு பணமா?" என்று முதல் நாள் சாப்பாட்டிலேயே நம்மிடம் வழக்குத் தொடுத்துவிட்டாள். இரு தரப்பாருக்கும் நாமே நீதிபதி ஆனோம்.

வண்டியின் பெயர் ஆஸ்டின்-ஹீலி 100 எம். டொனால்ட் ஹீலி என்பவர் தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார் 1952-ஆம் வருஷம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார்க் கண்காட்சிக்கு வந்தது. ஆஸ்டின் கம்பெனியின் தலைவர் லெனார்ட் லார்ட் அதைப் பார்த்து மயங்கி, தம் தொழிற்சாலையிலேயே செய்வதாக ஒப்பந்தம் பேசிவிட்டார். மணிக்கு 100 மைல் ஓடும் என்பதால் "100" என்று பெயர். பந்தயத்துக்கென்று சற்று முறுக்கேற்றி, பானட்டில் காற்றுப் பிளவுகள் வைத்து, அதன்மேல் தோல்வார் கட்டி, தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த வகைதான் "எம்". அதில் 640 வண்டிகளே உண்டு. ஆனால் அதே சாமான்களைத் தனியாகப் பெட்டியில் போட்டும் விற்றார்கள். சாதாரண 100 வைத்திருப்பவர் அவற்றை வாங்கித் தம் வண்டியில் பூட்டிக்கொள்ளலாம். பூட்டியபின் வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மாணாக்கர் தமக்குத் துணையாக ஒரு கிழவரைப் பிடித்து வைத்திருந்தார். எண்பதை நெருங்கியவர். நம் ஊரில் டிங்கர் வேலை என்கிறோமே, அந்தத் தகடு தட்டும் தொழிலைப் பதினைந்து வயதில் தொடங்கி, ஐம்பது வருஷம் செய்து ஓய்ந்தவர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு காந்தம். வண்டியின் வர்ணத்தில் கீறல் விழாமலிருக்க அதைப் பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். "ஹீலியைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை போவோம். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வாருங்கள். கண்ணைப் பழக்கிக்கொள்ளாமல் வண்டி பார்க்கக் கூடாது" என்றார். வாத்தியாருக்கே பாடம்!

திடலில் அறுபது எழுபது வண்டிகள் புல்தரையில் வரிசையாக நின்றன. முதலில் எம்.ஜி. டி.ஸி. என்னும் சிறு வண்டியின் முன் நிறுத்தினார். மாரிஸ் காரேஜஸ் என்ற ஆக்ஸ்போர்ட் வியாபார ஸ்தலத்தின் முதலெழுத்துக்களே எம்.ஜி. ஸெஸில் கிம்பர் என்பவர் வளர்த்த பெயர் அது. டி.ஸி. என்ற வகை 1945 முதல் 1949 வரையில் ஆபிங்டன் ஊரில் சுமார் 10,000 செய்யப்பட்டது. 19 அங்குலக் கம்பிச் சக்கரம், நீண்ட மட்கார்டு, மரச் சட்டத்தின்மேல் அறைந்த தகடு. யுத்தத்துக்கு முந்திய டி.ஏ., டி.பி. வகைகளும் தூரத்திலிருந்து பார்த்தால் இதே ஜாடைதான். "எப்படிப் பிரித்தறிவீர்கள்?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தோம், விளக்கைப் பார்த்தோம், விழித்தோம். அவர் குனிந்து காலடிப் பலகையைக் காட்டினார். டி.ஸி.யில் உட்காரும் இடத்தை ஏறக்குறைய நாலு அங்குலம் அகலமாக்கினார்கள், சட்டத்தை மாற்றவில்லை. அதனால் காலடிப் பலகை ஒடுங்கியது. முன் வகைகளில் பலகைமேல் மூன்று பட்டைகள் ஓடும், டி.ஸி.யில் இரண்டே. மூன்று பட்டையுள்ள டி.ஸி.யைக் கண்டால், பலகையோ வண்டியோ ஏதோ ஒன்று வேறிடத்தில் பிறந்தது.

பக்கத்தில் இன்னொரு டி.ஸி. அதற்கு முன்னும் பின்னும் பளபளவென்று பம்பர் இருந்தது. டி.ஸி.க்குப் பம்பர் கிடையாதென்று அப்போதுதான் கேட்டிருந்தோமாதலால், "இது ஒட்டு!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டோம். கிழவர் சிரித்தார். 1948-ஆம் வருஷக் கடைசியிலிருந்து அமெரிக்காவுக்கென்று தனியாகச் செய்த சில நூறு டி.ஸி.க்களுக்குத் தொழிற்சாலையிலேயே பம்பர் வைத்தார்களாம். விதியை அறிவதோடு விதிவிலக்கையும் அறிந்தாலொழிய வாய் திறக்கக் கூடாது என்பது இலக்கண வாத்தியாராகிய நமக்குத் தெரியாததல்ல, இருந்தும் தவறினோம்.

அடுத்தது ஜாகுவார் எக்ஸ்.கே. 120. கிழவர் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார், நழுவி விழுந்தது. பானட்டில் வைத்தார், அங்கும் விழுந்தது. "அலுமினியம்!" என்றார் மாணாக்கர் ஆவலோடு. காரணம் உண்டு. 1948-இல் அந்த வண்டியைக் கண்காட்சியில் வைத்தபோது அவ்வளவு பேர் வாங்குவார்கள் என்று கம்பெனியார் எதிர்பார்க்கவில்லை. ஆகையால் முதல் 240 வண்டிகள் வரையில் அலுமினியத் தகட்டைக் கையால் வளைத்துச் செய்தார்கள். கிராக்கி மிகுந்த பின், 1950 முதல், எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தார்கள். அலுமினிய மேனியுள்ளவற்றுக்கே இன்று மதிப்பு அதிகம். ஆனால் கிழவர் அசையவில்லை. காந்தத்தை மெதுவாக மட்கார்டுக்கு நகர்த்தினார், 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. எஃகு வண்டிகளிலும் கதவு, பானட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியமாகவே நீடித்தன என்பதுதான் ரகஸ்யம். கதவில் மட்டும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அலுமினிய வண்டியென்று பணம் கொடுத்தவர்கள் உண்டாம்.

அந்த வண்டியின் பின்சக்கரத்தை மூடிய தகட்டையும் காட்டினார். தகட்டுச் சக்கரமுள்ள வண்டிக்குத்தான் அந்த மூடி. கம்பிச் சக்கரமானால் நடுவில் துருத்தி நிற்கும் பெரிய நட்டு மூடியில் இடிக்கும். ஆகையால் மூடி வைக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கக் கண்டால் வண்டிக்காரரைக் கேள்வி கேட்கலாம்.

டிரையம்ப் டி.ஆர். 2 வண்டிகளில் கதவே ஜாதகம். 1953-இல் வந்தவற்றில் கதவு வண்டியின் அடிவரை நீண்டிருந்தது. உயரமான நடைபாதை ஓரத்தில் நிறுத்தினால் கதவு கல்லில் இடித்தது. திறந்து இறங்க முடியாது. எனவே 1954-ன் பிற்பகுதியில் கதவைக் குட்டையாக்கிக் கீழே ஒரு விளிம்பை வைத்தார்கள். வெளிப்புறத்தில் கைப்பிடியும் இராது. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். கைப்பிடி 1957-இல் வந்த பின்வகைக்கே உரியது.

ஜாகுவார் இ-டைப் ஒன்றைச் சுற்றிப் பெருங்கூட்டம். 1961-இல் ஜெனீவாக் கண்காட்சியில் உலகத்தைப் பிரமிக்கச் செய்த வண்டி அது. அதில் முதலில் செய்த சுமார் 500-க்குப் பானட்டின் தாழ் வெளிப்புறத்திலேயே இருந்தது. 'டி' வடிவச் சாவி ஒன்றைப் பக்கத்தில் நுழைத்துத் திருக வேண்டும். பிறகு தாழை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். முற்பட்ட வண்டிகளில் பானட்டின் காற்றுப் பிளவுகள்கூடத் தனித் தகட்டில் செய்து பற்றவைத்தவை. பிற்பட்டவற்றில் பானட்டோடு சேர்த்தே அழுத்தியவை. வெளித்தாழை மட்டும் வாங்கிப் பொருத்திவிட்டு, பிளவுகளைக் கவனிக்க மறந்துவிடுகிறவர் அகப்பட்டுக்கொள்வார்.

பெரிய பாகங்களைவிடச் சிறிய பாகங்கள்தாம் அதிகம் பேசுகின்றன என்று அன்று கண்டோம். லூகாஸ் கம்பெனி விளக்கின் கண்ணாடியில் அந்தப் பெயர் வார்த்திருக்கும். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலையிலுள்ள முத்திரையில், எழுத்துக்களையொட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும். அறிந்தவர் அவற்றைக் கொண்டு கண்ணாடி எந்த வருஷம், அந்த வருஷத்தின் எந்தக் காலாண்டில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுகிறார். திருகாணியின் தலையில் ஒரே கோடு வெட்டியிருந்தால் ஒரு கதை. சிலுவைபோல் வெட்டியிருந்தால் வேறு கதை. 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கானடா மூன்று தேசங்களும் போல்ட்டு மரைகளுக்கு ஒரே அளவை ஒப்புக்கொண்டன. அதன் பிறகு வந்த போல்ட்டுகளில் பலவற்றின் தலையில் வளையங்கள் கோத்தாற்போன்ற குறி உண்டு. யுத்தத்துக்கு முந்திய வண்டியில் அந்தக் குறியுள்ள போல்ட்டு இருந்தால் யாரோ பிற்பாடு கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். 1920-களின் முற்பாதியில் செய்த வண்டிகளுக்கு நிக்கல் முலாம். அது சற்று மஞ்சள் சாயலோடு வெள்ளிப் பாத்திரம்போல் மங்கும். குரோமிய முலாமோ நீலச் சாயலோடு கண்ணைப் பறிக்கும். மோட்டார்களில் அது பரவியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். பழைய வண்டியைக் கண்ணாடிபோல் மின்னவைத்து, "எவ்வளவு அழகாகப் புதுப்பித்திருக்கிறேன் பாருங்கள்" என்று பெருமைப்படுகிறவர் பல சமயம் தம் வண்டியின் ஜாதகத்தைத் தாமே அழித்தவர்.

நிற்க. செவ்வாய்க்கிழமை வந்தது.

ஹீலி ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் இருந்தது. வண்டிக்காரரும் வயோதிகர், நாணயஸ்தராகவே தோன்றினார். நீலமும் வெள்ளையுமாக இரட்டை வர்ணம். பானட்டில் வரிசையாகக் காற்றுப் பிளவுகள்; குறுக்கே தோல்வார். நம் மாணாக்கரின் கண்களில் தெரிந்த ஆசையைக் கண்டு, பேரம் பேசுவதற்கு இவரை அழைத்து வந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டோம்.

கிழவர் பானட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் எண் தகட்டைப் படித்தார். ஹீலி 100-இல் பி.என். 1 என்றும், 1955 ஆகஸ்டுக்குப் பின் வந்தது பி.என். 2 என்றும் இரு வகை. தொழிற்சாலையின் "எம்" வண்டிகளெல்லாம் பி.என். 2-ஐச் சேர்ந்தவை. இது பி.என். 2. இரட்டை வர்ணமும் அந்த வகையில்தான் கிடைத்தது. மாணாக்கர் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பிறகு காந்தம். ஹீலியின் வாயைச் சுற்றிய முன் கூடும், டிக்கியைச் சுற்றிய பின் கூடும் அலுமினியம், மட்கார்டுகள் எஃகு. இரு உலோகங்களும் சந்திக்கும் இடத்தில் ஈரம் பட்டால் ஒன்றையொன்று அரித்துவிடும். வர்ணம் கொப்புளித்து வெண்பொடி உதிரும். அந்தக் கொப்புளம் இங்கே இருந்தது. விற்பவர் அதற்காக மன்னிப்புக் கேட்டார். கிழவரோ, "இது நல்ல அடையாளம்" என்றார்! காந்தம் கூடுகளில் விழுந்தது, மட்கார்டில் பிடித்தது. இடது முன் மட்கார்டின் கீழே மட்டும் தயங்கித் தயங்கி வழுக்கியது. உள்ளே கனமாகப் பட்டி பூசியிருக்கிறது. எப்போதோ அடிபட்ட வண்டி.

அங்கேயே மண்டியிட்டு, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரு முன்சக்கரங்களின் மேலுள்ள வளைவுகளையும் அளந்தார். பி.என். 2-இன் முன்வளைவு பி.என். 1-ஐவிடச் சற்றுப் பெரியது. வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்க வளைவு சிறியது. விபத்துக்குப் பின் பழைய வகை வண்டியின் மட்கார்டைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷங்களாக எல்லோரும் பார்த்து ரசித்த வண்டி. இரு கண்களில் ஒன்று சிறுத்திருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைசியில்தான் பானட்டைத் தூக்கினார். இந்த மேனிகளை வெஸ்ட் பிராம்விச் ஊரிலுள்ள ஜென்ஸன் தொழிற்சாலையில் செய்தார்கள். ஒவ்வொரு மூடியையும் அந்தந்த வண்டிக்கென்று ராவிப் பொருத்தியதால், ஒரு வண்டியின் பானட் மற்றொன்றுக்குச் சரியாக உட்காராது; மாறிப் போகாமலிருக்க உட்புறத்தில் மேனியின் எண்ணைக் குத்தி வைத்தார்கள். டிக்கி மூடியில் எண் இருந்தது. பானட்டில் எண்ணே இல்லை. காற்றுப் பிளவுகளின் உட்புறத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். டிக்கியின் ஓரத்தில் வர்ணம் மூன்று நான்கு அடுக்காக, அடியில் வேறொரு நீலம் தெரிய இருந்தது. பானட்டில் ஒரே அடுக்கு.

யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து விற்பவர், "இருபது வருஷத்துக்கு முன் இதை நான் 'எம்' என்றே வாங்கினேன், 'எம்' விலை கொடுத்து" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நமக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திராது.

இருந்தாலும் கண்ணால் கண்டது மட்டும் போதாது. கேய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் காட்சிசாலையில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சட்ட எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அந்த வண்டி எந்தத் தேதியில், எந்த வர்ணத்தில், என்னென்ன சாமான்களுடன் வெளிவந்தது என்று சாட்சிப் பத்திரம் கொடுக்கிறார்கள். எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருந்த நாட்களில் நமக்கும் மாணாக்கருக்கும் ஒரே தர்க்கம். "ஸார், ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால், எந்த நிமிஷத்தில் அது பழைய வண்டியாக இல்லாமற் போகிறது?" இந்தக் கேள்வி லண்டன் ஹைகோர்ட் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருஷங்களிலும் பிரான்ஸின் லீ மான் 24 மணிப் பந்தயத்தில் ஜயித்த பென்ட்லி வண்டிக்கு 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் அது கவிழ்ந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிறகு வேறு மேனி கட்டினார்கள், யந்திரமும் மாறியது. பிற்காலத்தில் அதை ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி, வாங்க வந்தவர்கள், "இது அந்த வண்டியே அல்ல" என்று பின்வாங்கியதால் 1990-இல் வழக்கு நடந்தது. 1929-இல் ஓடிய இரும்பில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன என்பது மெய். ஆனால் அந்த வண்டி ஒரு நாளும் அழிந்து வேறொன்றாகப் பிறக்கவில்லை, மாறிமாறி வந்ததே தவிர அதன் சரித்திரம் அறுபடவில்லை என்று கண்டு, விற்றவர் பக்கமே நீதிபதி தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு நியாயம் என்பதே நம் அபிப்பிராயம். அதற்காக எந்த வண்டியின்மேலும் எந்தச் சாமானையும் பூட்டிப் பெரிய பெயரைச் சூட்டலாம் என்றாகாது. பென்ட்லியின் மாற்றங்கள் யாவும் பகிரங்கமாக நடந்தவை. நம் ஹீலியின் பானட்டோ ஒரு பொய்யைச் சுமந்து நின்றது. புதுத் தகடு என்பதாலேயே குற்றமில்லை. 1988 முதல் எம்.ஜி.பி. வண்டிக்குப் பழைய அச்சுக்களைக்கொண்டே புதிய மேனிகளை அழுத்தி விற்றார்கள். துருவால் சாகவிருந்த பல வண்டிகளுக்கு அவற்றால் மறுபிறப்பு. புதியதைப் புதியதென்று சொல்லி விற்றார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம். மறுபுறம், 1955-இல் லீ மானில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட கோர விபத்தில் சிக்கிய ஹீலி ஒன்று, நெடுங்காலம் புதுப்பிக்கப்படாமலே கிடந்து, 2011-இல் ஏலத்துக்கு வந்தது. அழுக்கும் வடுவுமாக நின்ற அந்த வண்டி 8,43,000 பவுனுக்குப் போயிற்று.

சாட்சிப் பத்திரம் வந்தது. சாதாரணமான பி.என். 2, வர்ணம் நீலம் ஒன்றே, "எம்" அல்ல. மேனியின் எண்ணும் அதில் இருந்தது.

மறுபடி பண்ணை வீட்டுக்குப் போனோம். விற்பவர் பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கொல்லைக் கொட்டகைக்குள் நடந்தார். அங்கே வர்ண டப்பாக்கள் அடுக்கிய ஒரு நீண்ட பலகை. டப்பாக்களை இறக்கிப் பலகையைப் புரட்டினார். அது பலகையல்ல, காற்றுப் பிளவில்லாத ஒரு பழைய பானட். வண்டியோடு சேர்த்து யாரோ கொடுத்ததாம். எதற்கென்று அவர் கேட்டதில்லை. கிழவர் கைக்குட்டையால் துடைத்தார். துருவுக்கடியில் எண் தெரிந்தது. டிக்கியிலும் பத்திரத்திலும் இருந்த அதே எண்.

சாதாரண வண்டியின் விலைக்குப் பேசி முடித்தார்கள். சேமிப்பில் பாதிக்கு மேல் மிஞ்சியது. மாணாக்கரின் மனைவி நமக்கு அன்று பால் பாயசம் செய்து போட்டாள். வண்டிக்குப் பழைய பானட் ஏறிவிட்டது. பிளவுள்ள பானட்டும் தோல்வாரும், வாங்கியபோது எப்படி இருந்தது என்று எழுதிய சீட்டோடு, சுவரில் தொங்குகின்றன. இடது மட்கார்டை மாத்திரம் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சரியான பி.என். 2 மட்கார்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். கிழவர், "அறுபது வருஷமாகக் கூட இருந்ததை ஏன் துரத்துகிறாய்?" என்கிறாராம். 'ஸார், உங்கள் அபிப்பிராயம் என்ன?' என்று போன வாரம் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.